எதிர்பாராத் தேர்தல் முடிவும் கருத்துப்படமும்: விழுப்புரம், திண்டிவனம் தொகுதிகளை முன்வைத்து

தேர்தல் முடிவு வெளிவந்த மறுநாள் நாளிதழ்களில் இடம்பெறும் கருத்துப்படத்தை மக்களின் எதிர்வினையாகக் கொண்டு ஆராயும் வழக்கம் இதழியல் ஆய்வுகளில் உண்டு. அப்படத்தில் வெளிப்படும் வியப்பு வாக்களித்தவருடையதா, வேறொரு முடிவை எதிர்பார்த்திருந்தவருடையதா என்னும் வினா அவற்றில் போதிய அளவு எழுப்பப்படவில்லை.

தமிழில் அரசியல் கருத்துப்படத்திற்குத் தொடக்கமிட்ட பெருமை, பாரதியார் ஆசிரியராக விளங்கிய ‘இந்தியா’ வார இதழைச் சாரும். 1906-இல் தோன்றிய அவ்விதழ் படத்துடன் விளக்கத்தையும் சேர்த்து வெளியிட்டது. பிற்காலப் படங்களுக்கு அத்தகைய நீண்ட விளக்கம் வேண்டியிருக்கவில்லை. முதல் பொதுத்தேர்தலிலேயே வாக்குப்பெட்டிகளில் சின்னங்கள் ஒட்டப்பட்டன. எழுத்தறியாதோரும் அரசியலைப் படமாகப் படிக்கப் பழகினர். இரட்டைக் காளையும் உதயசூரியனும் ஓவியர் புனைந்த குறியீடுகள் அல்ல; தேர்தலே அவருக்கு வழங்கிய சொற்கள்.

இச்சொற்கள் பேரலைக்குப் பொருந்துவன. 1967-இல் விருதுநகரில் காமராசர் 1,285 வாக்குகளில் தோற்றதும், 1996-இல் பர்கூரில் முதலமைச்சர் ஜெயலலிதா தோற்றதும் படத்திற்கென்றே அமைந்த நிகழ்வுகள் எனலாம். அனைவரும் அறிந்த ஒரு முகம் வீழ்ந்த நிலையில், அம்முகத்தை வரைந்தால் மாநிலத்தின் தீர்ப்பையே வரைந்ததாகிவிடுகிறது.

அறியப்படாத முகங்கள் வெல்லும்போது இம்முறை தடுமாறுகிறது. 1952-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசு 152 மட்டுமே பெற்றது. விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் வேரூன்றியிருந்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களை வென்றது. தலைநகருக்கு இது திகைப்பு. ஊர்தோறும் சமூகத் திரட்சியைக் கண்டிருந்த வேளாண் குடிகளுக்கு அவ்வளவு திகைப்பாக இருந்திருக்க இயலாது. இராசாசி அமைச்சரவை அமைத்ததையும், கட்சித் தலைவர் எஸ். எஸ். இராமசாமி படையாட்சி 1954-இல் காமராசர் அமைச்சரவையில் இடம்பெற்றதையும் தலைவர்களின் உருவங்களைக் கொண்டு வரைந்துவிடலாம். அவ்வாக்குகள் ஏன் விழுந்தன என்பதை எவ்வுருவத்தைக் கொண்டு வரைவது?

அண்மைய சான்று இன்னும் கூர்மையானது. 2016-இல் அ.தி.மு.க. ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது, திண்டிவனத்தில் தி.மு.க. 101 வாக்குகளில் வென்றது. 2021-இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, திண்டிவனம் அ.தி.மு.க.வைத் தேர்ந்தது. இருமுறையும் அத்தொகுதி மாநிலத்திற்கு எதிர்த்திசையில் நின்றது. அதே மாவட்டத்தின் விழுப்புரமோ இருமுறையும் மாநிலத்தோடு சென்றது. 2021-இல் அங்கே சட்டத்துறை அமைச்சர் சி. வி. சண்முகம், முன்பு தம் கட்சியிலேயே இருந்த இரா. இலட்சுமணனிடம் தோற்றார். இத்தோல்வியில் முகம் உண்டு, கட்சிமாற்றம் என்னும் கதையும் உண்டு. ஓவியருக்கு இதைவிட என்ன வேண்டும்? திண்டிவனத்தின் 101 வாக்குகளுக்கோ முகமில்லை. மாநிலம் முழுவதையும் ஒரே அலையாகத் தீட்டும் படத்தில் அவ்வாக்காளர் மூழ்கிப்போகிறார்.

இதனை ஓவியரின் குறையெனக் கூறுதல் பொருந்தாது. சிறு கட்டத்திற்குள் 234 தொகுதிகளை அடக்க யாராலும் இயலாது. ஆர். கே. இலட்சுமணின் ‘பொதுமனிதர்’ பேசாமல் நிற்பதை இந்நோக்கில் ஒரு நேர்மையாகவே கொள்ளலாம்: மக்கள் எண்ணியதைத் தாம் அறிந்ததாக அவர் காட்டிக்கொள்வதில்லை. ஆகவே, கருத்துப்படத்தைச் சான்றாக ஆளும் ஆய்வாளர் அதனருகே தொகுதிவாரி வாக்குப் பட்டியலையும் வைத்துப் படித்தல் வேண்டும். அவ்விரண்டும் முரண்படும் இடங்களிலிருந்தே திண்டிவனம் போன்ற தொகுதிகளின் ஆய்வு தொடங்குகிறது.