மடூல்சீமையில் பிடித்த துரு

பதுளையிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் இறங்கும் வீதியில் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் போனால் பசறை. அங்கிருந்து மடூல்சீமைக்கு ஒரு பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. வழி நெடுகத் தேயிலைதான். கோப்பியைத் தேடி வந்தவர் லயங்களுக்குப் பின்னாலும் கிராமத்து வீட்டுத் தோட்டங்களுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். பலா மர நிழலில், மிளகுக் கொடி ஏறிய முள்முருங்கைக்குப் பக்கத்தில், கவாத்தே காணாமல் ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்ட நாலைந்து செடிகள் நிற்கும். பழம் சிவந்ததும் பறித்து முற்றத்தில் காயவைப்பார்கள். உரலில் இடித்துத் தோல் நீக்கி, சுளகில் புடைத்து, வறுக்கும்போது கொஞ்சம் மல்லியும் சுக்கும் சேர்த்துக்கொள்வார்கள். கடையில் பைக்கற்றில் வாங்கும் தூளுக்கு அந்த மணம் வராது.

அப்படி ஒரு செடி கிடைத்தால், அடிக்கிளையில் முதிர்ந்த இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். மேற்புறத்தில் வெளிர்மஞ்சள் பொட்டு தெரிகிற இடத்துக்கு நேர் கீழே செம்மஞ்சள் நிறத்தில் தூள் படிந்திருக்கலாம். விரலால் தேய்த்தால் ஒட்டும். இதுதான் கோப்பித் துரு. இலையில் வாழும் ஒரு பங்கசு, பூஞ்சணம். 1869-இல் மடூல்சீமைக் கோப்பித் தோட்டமொன்றில் கண்ட இலைகளிலிருந்துதான் இது முதன்முதலாக அறிவியல் ஏட்டில் ஏறியது. அடுத்த இருபது ஆண்டுகளில் இலங்கையின் பெருந்தோட்டக் கோப்பி ஏறக்குறைய இல்லாமல் போனது. இன்று இந்த மலைகளில் நாம் தேயிலையைப் பார்ப்பதற்கு இந்தத் தூளே பெரிய காரணம்.

அந்த இலைகள் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸிடம் போய்ச் சேர்ந்தன. அவர் அவற்றை இங்கிலாந்தில் இருந்த மைல்ஸ் பேர்க்லி என்ற பாதிரியாருக்கு அனுப்பினார். அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய உருளைக்கிழங்கு நோய்க்கு ஒரு பங்கசுதான் காரணம் என்று 1840-களிலேயே வாதாடியவர் அவர். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்ததும், இது புதிய இனம் மாத்திரமல்ல, அதுவரை அறியாத புதிய பேரினம் என்று கண்டுகொண்டார். 1869 நவம்பரில் லண்டன் தோட்டக்கலை இதழொன்றில் அதன் விவரம் வெளியானது. பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். தோட்டத் துரைமார் அதை ‘நாசக்கார எமிலி’ ஆக்கிச் சிரித்துக்கொண்டார்கள். சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை.

வித்திகளின் வடிவத்தைப் பார்த்துத்தான் பேர்க்லி அந்தப் பெயரை வைத்தார். ஒவ்வொரு வித்தியும் ஒரு தோடம்பழச் சுளை மாதிரி வளைந்திருக்கும். வளைந்த முதுகில் நுண்ணிய முட்கள், உட்பக்கம் வழவழப்பு. ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குள் முப்பது வித்திகளை வரிசையாக வைக்கலாம். ஒரு வித்தி காற்றிலோ மழைத்துளி தெறித்தோ வந்து கோப்பி இலையின் அடிப்புறத்தில் உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முளைப்பதற்கு அதற்குச் சொட்டு நீர் வேண்டும். காற்றில் ஈரப்பதன் இருந்தால் மட்டும் போதாது, இலை நனைந்திருக்க வேண்டும், அதுவும் பல மணி நேரம். வெளிச்சம் ஆகாது. 22 பாகை செல்சியஸுக்கு அண்மித்த இதமான குளிர் வேண்டும். மாலையில் மழை பெய்து, இரவெல்லாம் பனி மூடி, விடிந்து வெயில் ஏறும்வரை இலை காயாமல் இருக்கும் மலைநாட்டில் இவை எல்லாம் கேட்காமலே கிடைக்கின்றன.

முளைத்ததும் மெல்லிய குழாய் ஒன்றை நீட்டி இலைவாயைத் தேடுகிறது. கோப்பிச் செடிக்கு இலைவாய்கள் இலையின் அடிப்புறத்தில்தான் உண்டு. அதன் வழியாக உள்ளே நுழைந்து, இழைகளைப் பரப்பி, உயிருள்ள கலங்களுக்குள் உறிஞ்சிகளைச் செலுத்தி உணவை எடுக்கிறது. கலத்தை உடனே கொல்வதில்லை, கொன்றால் தனக்கும் சோறில்லை. இந்தப் பங்கசை ஆய்வுகூடத்தில் செயற்கை ஊட்டத்தில் வளர்க்க முடியாததும் இதனால்தான். சில வாரங்கள் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு நுழைந்த அதே இலைவாய் வழியாகப் புதிய வித்திகள் கொத்துக் கொத்தாக வெளியே தள்ளப்படுகின்றன. ஒரு பொட்டு மூன்று, நான்கு மாதங்களுக்கு விட்டு விட்டு வித்தி கொடுக்கும். மொத்தம் மூன்று இலட்சத்துக்கு மேல். ஒரு இலையில் எத்தனை பொட்டு, ஒரு செடியில் எத்தனை இலை, ஒரு தோட்டத்தில் எத்தனை செடி என்று பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும்.

செடி ஒரேயடியாகச் சாகாது. அதில்தான் ஏமாந்தார்கள். நோய் கண்ட இலைகள் உதிரும், மழை வந்ததும் புதுத் துளிர் விடும், பார்ப்பவருக்கு நோய் போய்விட்டது போலிருக்கும். இதற்கிடையில் இலையில்லாத கிளையில் காய் முற்றிக்கொண்டிருக்கும். காய்க்கு உணவைக் கொடுத்துக் கொடுத்து கிளை நுனியிலிருந்து காய்ந்து வரும். அடுத்த ஆண்டுப் பூ பூக்க வேண்டிய கிளை அது. ஒரு நல்ல விளைச்சல், பிறகு ஒரு மோசமான விளைச்சல், மறுபடி கொஞ்சம் தேறுதல் என்று ஒவ்வொரு படியாக இறங்கும். துரைமார் மண் களைத்துவிட்டது என்றார்கள், மழை பிழைத்துவிட்டது என்றார்கள், எருவைக் கூட்டிப் போட்டார்கள்.

அதோடு 1870-களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. ஏக்கருக்குக் கிடைப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தும் கையில் வரும் பணம் குறையவில்லை. குறைந்த விளைச்சலை ஈடுகட்ட இன்னும் காடு வெட்டினார்கள், கோப்பிக்கு ஏற்காத சரிவுகளிலும் நட்டார்கள். 1878 அளவில் இலங்கையில் கோப்பி 275,000 ஏக்கர் வரை பரந்திருந்தது. நோய் தொற்றிய பயிரை நோய்க் காலத்திலேயே விரிவாக்கியதைப் போல ஒரு முட்டாள்தனம் விவசாய வரலாற்றில் குறைவு. ஆனால் அன்றைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவனுக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்திருக்கும்.

1880-இல் அரசாங்கம் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை வரவழைத்தது. வயது இருபத்தைந்து. இரண்டு ஆண்டுகள் இருந்து, இந்தப் பங்கசின் வாழ்க்கையை ஏறக்குறைய முழுவதுமாக எழுதி வைத்துவிட்டுப் போனார். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்துக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். அவை ஈரத்தில் முளைப்பதையும் இலைவாய் வழியாக நுழைவதையும் உருப்பெருக்கியின் கீழ் பார்த்தார். உள்ளே போய்விட்ட பங்கசை வெளியேற்ற மருந்து கிடையாது, முளைப்பதற்கு முன் இலைமேல் தடுத்தால்தான் உண்டு என்பது அவர் கண்ட முடிவு. கந்தகத் தூளும் சுண்ணாம்பும் ஓரளவு உதவின, ஆனால் எந்த மலையில், எத்தனை தடவை, எத்தனை கூலி போட்டு அடிப்பது? மருந்து கேட்ட தோட்டக்காரர்களுக்கு விளக்கம் கிடைத்தது. அவர்கள் திருப்திப்படவில்லை.

என் கணக்கில் வார்ட் சொன்ன பெரிய விஷயம் வேறு. ஒரே இனச் செடியை, நடுவில் காடோ வேறு மரமோ விடாமல், மலை மலையாக நட்டதுதான் இந்தப் பங்கசுக்கு வரம்பில்லாத உணவையும் வழியையும் கொடுத்தது என்று அவர் எழுதினார். காட்டில் ஒரு கோப்பிச் செடியிலிருந்து கிளம்பும் வித்திகளில் மிகப் பெரும்பாலானவை வேறு ஏதோ இலையில் விழுந்து வீணாகும். மடூல்சீமையில் எங்கே விழுந்தாலும் கோப்பி. இன்னொன்று வார்ட்டுக்குத் தெரிந்திருக்க வழியில்லை: இந்தத் தோட்டங்களில் நின்ற அராபிக்காக் கோப்பி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடி, உலகம் முழுவதும் பரவியவை ஒரு சில தாய்ச் செடிகளின் வம்சம். ஒன்றுக்கு இல்லாத எதிர்ப்பு ஒன்றுக்கும் இல்லை.

முடிவு வேகமாக வந்தது. 1870-இல் 10 கோடி இறாத்தலுக்கு மேல் ஏற்றுமதி செய்த நாடு 1889-இல் 50 இலட்சம் இறாத்தலுக்கு இறங்கியிருந்தது. பிரேசில் கோப்பி பெருகி 1880-களில் விலையும் விழுந்ததால் மிஞ்சியிருந்த தோட்டங்களுக்கும் மூச்சு விட இடமில்லாமல் போனது. கோப்பித் தோட்டங்களை நம்பிக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884-இல் மூடப்பட்டது. அதன் நாணயத்தாள்களை வைத்திருந்தவர்கள் தெருவுக்கு வராமல் தடுக்க ஆளுநர் ஆர்தர் கோர்டன் உத்தரவாதம் கொடுக்க நேர்ந்தது. 1885 முதல் அரசாங்கமே நாணயத்தாள் அச்சிடத் தொடங்கியதன் பின்னணி இதுதான். பட்டுப்போன கோப்பித் தண்டுகளைப் பட்டை உரித்து, தேநீர் மேசைகளுக்குக் கால் செய்ய இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்றும் சொல்வார்கள்.

துரைமார் முதலில் பட்டைக்காக வளர்க்கும் சிங்கோனா மரத்துக்குத் தாவினார்கள், பட்டை விலை விழுந்தது. பிறகு தேயிலை. 1875-இல் ஆயிரம் ஏக்கர் அளவில் இருந்த தேயிலை 1895-இல் 3 இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. ஆங்கிலேயர் கோப்பியை விட்டுத் தேநீருக்கு மாறியதே இந்த நோயால்தான் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. அவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சீனத் தேயிலையில் ஊறிப்போனவர்கள். துரு மாற்றியது அவர்களின் கோப்பையை அல்ல, நம்முடைய மலையை.

மலையில் இருந்த மனிதர்களையும் மாற்றியது. கோப்பிக்குப் பறிப்புக் காலத்தில்தான் ஆள் நிறைய வேண்டும். மதுரை, திருச்சி, சேலம், இராமநாதபுரப் பக்கங்களிலிருந்து கங்காணிகளோடு வந்தவர்களில் பலர் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. ஒரு வாரம், பத்து நாளைக்கு ஒருமுறை அதே செடியில் மறுபடி கொழுந்து எடுக்க வேண்டும், வருடம் முழுவதும். பெண்கள் வேண்டும், குடும்பமாகத் தங்க வேண்டும், லயம் வேண்டும். வந்து போனவர்கள் இங்கேயே பிறந்து வளர்ந்த மக்களானார்கள். 1948-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை அந்நியராகக் கணக்கிட்டபோது பசறைப் பக்கத் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறை கடந்திருந்தது.

பங்கசு இலங்கையோடு நிற்கவில்லை. தென்னிந்தியாவுக்கும், 1870-கள் முடிவதற்குள் சுமத்ரா, ஜாவாவுக்கும் போனது. 1970-இல் பிரேசிலில் தலைகாட்டியது. 2012, 2013-இல் மத்திய அமெரிக்காவில் பறிப்புக் கூலிகள் இலட்சக்கணக்கில் வேலையிழந்தார்கள். ஜாவாவில் அராபிக்காவுக்குப் பதிலாக ரொபஸ்டாவைக் கொண்டுவந்து நட்டார்கள். சுவை கொஞ்சம் முரடு, ஆனால் துரு எளிதில் அண்டாது. தீமோர் தீவில் இந்த இரண்டும் தாமாகவே கலந்து உண்டான ஒரு செடி கிடைத்தது. இன்று துரு தாங்கும் அராபிக்கா என்று விற்கப்படும் பல ரகங்களின் பரம்பரையில் அந்தச் செடி இருக்கிறது. போர்த்துக்கலின் ஒய்ராஸ் நகரில் 1955 முதல் இந்த ஒரு நோய்க்காகவே ஓர் ஆய்வு நிலையம் இயங்குகிறது. பங்கசிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் பிரித்தறியப்பட்டுள்ளன. கர்நாடகத்தில் 1980-களில் பெரிய நம்பிக்கையோடு வந்த காவேரி ரகத்தின் எதிர்ப்பு சில ஆண்டுகளிலேயே உடைந்தது.

வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் கோப்பிக்கு வார்ட் சொன்ன நியாயம் துணை நிற்கிறது. பலாவும் மிளகும் வாழையும் நடுவில் நிற்பதால் பெரும்பாலான வித்திகள் வழி தவறுகின்றன. நிழலில் அளவுக்கு மீறிக் காய்க்காததால் செடி களைப்பதும் குறைவு. ஆனால் நிழலே மருந்து என்று நினைக்கக் கூடாது. மிக அடர்ந்த நிழலில் இலை காய நேரமாகும், பங்கசு கேட்பது அதைத்தான். கவாத்துச் செய்து காற்றோட்டம் விட வேண்டும் என்று அதிகாரிகள் சொல்வது இதற்காக. கேட்பவர்கள்தான் குறைவு.

மருந்து என்றால் இன்றும் பலர் நாடுவது போர்டோக் கலவைதான். பிரான்ஸில் திராட்சை நோய்க்காக மில்லார்டே அதை வெளியிட்டது 1885-இல். இலங்கைத் தோட்டங்களுக்குப் பத்து ஆண்டு பிந்திவிட்டது. தென்னிந்தியக் கோப்பித் தோட்டங்களில் துருவுக்கு அரை வீதக் கலவை அடிக்கிறார்கள்: 200 லீற்றர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும். இரும்பு வாளி ஆகாது. கலந்ததும் துருவில்லாத கத்தி ஒன்றை முக்கி எடுத்துப் பார்ப்பார்கள், செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். மழை தொடங்குவதற்கு முன்னும் ஓய்ந்த பின்னும் அடிப்பது வழக்கம். தெளிகுழலைக் கீழிருந்து மேலாகப் பிடித்து இலையின் அடிப்புறம் நனையும்படி அடிக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து மேலே மட்டும் அடித்துவிட்டுப் போனால் துத்தக் காசும் ஆள் கூலியும் வீண்.