சீருடையைத் துவைப்பதும் ஒரு பயிற்சிதான்

சிராங்கூன் சாலைப் பக்கம் லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறி நகர மையத்தை நோக்கிச் சென்றால், அடுத்த நிலையம் டோபி காட். ‘டோபி’ என்றால் சலவைத் தொழிலாளி. ‘காட்’ என்றால் படித்துறை. வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள், இன்று ஸ்டாம்ஃபர்டு கால்வாயாக இருக்கும் ஓடையில் ஊரார் துணிகளைத் துவைத்து, அருகிலிருந்த வெட்டவெளியில் உலர்த்தினார்கள். அவர்களின் உழைப்பால் வந்த பெயர் இது.

இன்று அதே ரயிலில், வார இறுதியில், முதுகில் கனத்த பையுடன் இளையர்கள் வீடு திரும்புகிறார்கள். புலாவ் தெக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சி பெறும் தேசிய சேவையாளர்கள் அவர்கள். பைக்குள் ஒரு வாரத்துச் சேறும் வியர்வையும் இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் பை அம்மாவின் கைக்குப் போய்விடுவதுதான் பல வீடுகளில் வழக்கம்.

1967ல் தேசிய சேவை தொடங்கியதிலிருந்து தலைமுறை தலைமுறையாக இந்தப் பை வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆனால், உள்ளிருக்கும் சீருடை மாறிவிட்டது. தாத்தா காலத்துப் பச்சைச் சீருடைக்குக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போடுவார்கள். 2008ல் அறிமுகமான, சிறுசிறு கட்டங்களாக நிறம் சிதறிய சீருடைக்கு அது பொருந்தாது. கஞ்சி துணியின் நுண்துளைகளை அடைத்துவிடும். காற்றோட்டம் குறைந்து, வெயிலில் நடப்பவருக்குப் புழுக்கம் கூடும்.

துவைப்பதற்கு முன், எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துப் பாருங்கள். மறந்துவிட்ட ஒரு பேனா போதும், மொத்தத் துணியும் பாழாக. சேறு ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் இழைக்குள் இறங்கிவிடும். காயவிட்டு உதறிய பிறகு, குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள். வியர்வைக்கும் ரத்தக் கறைக்கும் சுடுநீர் கூடாது; சூடு பட்டால் கறை துணியோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். முகத்தில் பூசும் உருமறைப்பு மை எண்ணெய்ப் பிசுக்குள்ளது. காலரில் அது படிந்திருந்தால், பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிது தடவித் தேய்த்த பிறகு துவைக்கலாம்.

வெள்ளைத் துணிக்கான வெளுப்பான் வேண்டவே வேண்டாம். துணியைப் ‘பளிச்’சென்று காட்டும் சலவைத்தூளையும் தவிர்ப்பது நல்லது. மறைந்திருப்பதற்காக வடிவமைத்த உடை பளிச்சிட்டால் அதன் பயனே போய்விடும். ஸிப்பையும் வெல்க்ரோ பட்டைகளையும் மூடி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால் நிறம் நீடிக்கும்.

துவைப்பதைவிட உலர்த்துவதுதான் இங்கே சிரமம். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். ஈரச் சீருடையைப் பையிலேயே ஓரிரவு விட்டால் துர்நாற்றம் வரும். தொடர்ந்தால் பூஞ்சணப் புள்ளிகள் விழும், அவை எளிதில் போகாது. எனவே, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பையைத் திறப்பது. நனைந்த காலணிக்குள் பழைய நாளிதழைச் சுருட்டித் திணித்து, நாளிதழ் ஈரமாக ஈரமாக மாற்றுங்கள்.

இவையெல்லாம் அம்மாவுக்கான குறிப்புகள் அல்ல, மகனுக்கானவை. பயிற்சியின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு வீட்டுக்கு வர முடியாது. அப்போது அவனேதான் தன் துணியைக் கவனிக்கவேண்டும். ஈரக் காலுறையை மறுநாளும் மாட்டிக்கொண்டு நடந்தால் காலில் கொப்புளம், படை. நடக்க முடியாத வீரனால் படைக்கு என்ன பயன்? சீருடைப் பராமரிப்பை ஒழுங்கின் ஒரு பகுதியாகப் படை கருதுவது அழகுக்காக மட்டுமல்ல.

நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. துணி துவைப்பதை ஒரு பிரிவினரின் தலையில் கட்டி, அவர்களையே தாழ்வாக நடத்திய வரலாறு நம்முடையது. பிறகு அந்த வேலை வீட்டுப் பெண்களிடமும் பணிப்பெண்களிடமும் வந்து சேர்ந்தது. முகாமிலோ மருத்துவர் மகனும் துப்புரவாளர் மகனும் ஒரே குழாயடியில் நின்று அவரவர் காலுறையை அலசுகிறார்கள். அந்தப் பழக்கம் படகேறி வீடு வரும்போது தெக்கோங்கிலேயே தங்கிவிடக் கூடாது.

இந்த வார இறுதியில் மகன் பையை இறக்கிவைத்ததும், அம்மா ஒருமுறை பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்கட்டும். அடுத்த வாரத்திலிருந்து அவனே துவைப்பான்.