ஆயாக் கொட்டகை போனது. பிள்ளையைப் பார்ப்பது யார்?

என் பாட்டி பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே பெரட்டுக்குப் போக வேண்டும் என்பதால், கைக்குழந்தையாக இருந்த என் அம்மாவை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாராம். "பிள்ளையைப் பார்த்துக்க மாசம் எவ்வளவு கட்டுனீங்க பாட்டி?" என்று ஒருநாள் கேட்டேன். "அதுக்கு எதுக்குக் காசு? ஆயாவுக்குத் தோட்டத்துலதானே சம்பளம்!" என்றார்.

என் பெரியம்மா மகளின் கதை வேறு. கூலிமில் ஒரு தொழிற்சாலையில் குறைந்தபட்சச் சம்பளத்தில் வேலை செய்தார். மூத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாதம் 400 வெள்ளிக்குப் பார்த்துக்கொண்டார். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் கட்டணம் 800 ஆனது. 1,700 வெள்ளிச் சம்பளத்தில் பாதி போய்விட்டது. பால்மாவு, பெம்பர்ஸ், பெட்ரோல் எல்லாம் போக மிஞ்சியது மிகக் குறைவு. அக்கா வேலையை விட்டுவிட்டார்.

அரசாங்கம் உதவுவதில்லையா? உதவுகிறது. ஆனால் அந்த உதவி யாரைச் சென்று சேர்கிறது என்பதை நாம் பார்க்க வேண்டும்.

அதிகம் பேசப்படுவது வரி விலக்கு. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பதிவு பெற்ற தாஸ்காவிலோ பாலர்பள்ளியிலோ சேர்த்தால், ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டுமே இதைக் கோர முடியும். பலர் 3,000 வெள்ளி கைக்கு வரும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 11 விழுக்காடு வரி கட்டும் ஒருவருக்கு இதனால் மிச்சமாவது அதிகபட்சம் 330 வெள்ளிதான்.

இனி அக்காவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,700 என்றால் ஆண்டுக்கு 20,400 வெள்ளி. தனிநபர் கழிவு 9,000 போனால் மீதி 11,400. இதற்கு வரி 64 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாதவர்களுக்குத் தரப்படும் 400 வெள்ளித் தள்ளுபடியில் அந்த 64 வெள்ளியும் மறைந்துவிடும். வரியே கட்டாதவருக்கு வரி விலக்கால் என்ன பயன்? உதவி அதிகம் தேவைப்படுகிறவருக்கு ஒரு காசும் வருவதில்லை.

அடுத்தது பதிவு. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு வயதுக்கு உட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணத்திற்குப் பார்த்துக்கொள்பவர் சமூக நலத்துறையில் பதிந்துகொள்ள வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்பது போன்ற நல்ல விதிகளும் உண்டு. ஆனால் இரண்டு, மூன்று பிள்ளைகளை மட்டும் பார்க்கும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி இந்தச் சட்டத்திற்குள் வரமாட்டார். அவரிடம் கட்டும் பணத்தை வரிக் கணக்கில் காட்டவும் முடியாது. சுங்கை பட்டாணி, பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் ஷிப்ட் வேலைக்குப் போகும் அம்மாக்கள் பலர் இப்படிப்பட்ட ஆன்ட்டிகளைத்தான் நம்பியிருக்கிறார்கள். மாலையில் மூடிவிடும் தாஸ்கா இரவு ஷிப்ட்டுக்கு உதவாது.

தகுதியுள்ள அரசு ஊழியர்களுக்குப் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 180 வெள்ளி வரை தாஸ்கா கட்டண உதவி உண்டு. நம் சமூகத்தில் பி40 குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மித்ரா வழியாகப் பாலர்பள்ளிக் கட்டண உதவி கிடைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பாலர்பள்ளிக்குப் போகும் வயது வருவதற்குள், அம்மா வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். மகப்பேறு விடுப்போ 98 நாள்தான். அதற்குப் பிறகு வரும் மூன்று, நான்கு ஆண்டுகள்தான் பெரிய பள்ளம்.

ஆயாக் கொட்டகையை நான் பொற்காலமாகச் சொல்லவில்லை. ஒரே ஆயா பத்து இருபது பிள்ளைகளைப் பார்த்ததாகப் பாட்டியே சொல்வார். ஆனால் ஒன்று உண்மை: தொழிலாளி வேலைக்கு வர வேண்டுமானால் அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும் என்பதைத் தோட்டம் ஏற்றுக்கொண்டிருந்தது. 1990ஆம் ஆண்டில் வந்த 446ஆவது சட்டமும் தோட்டங்களில் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கு இடம் தந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் பட்டணத்துக்கு வந்தபோது, அந்தக் கடமை நம்மோடு வரவில்லை. தொழிற்சாலை முதலாளி தாஸ்கா அமைத்தால் அந்தச் செலவுக்கு இரட்டை வரிக்கழிவு உண்டு. ஆனால் அது சலுகை, கட்டாயம் இல்லை.

மாணவ நண்பர்களே, தாஸ்கா கட்டணம் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஆயா கிடைக்காத நாளில் பள்ளிக்கு மட்டம் போட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். உங்கள் வீட்டில் சிறு பிள்ளை இருந்தால், தாஸ்கா பதிவு பெற்றதா என்று கேளுங்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அருகிலுள்ள சமூக நலத்துறை அலுவலகத்தில் என்ன உதவி உண்டு என்று விசாரியுங்கள். மலாய்ப் பாரங்களைப் பெற்றோருக்கு நிரப்பிக் கொடுங்கள். உங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதியைச் சந்திக்கும்போது, ஷிப்ட் நேரத்தில் திறந்திருக்கும் தாஸ்கா எங்கே என்று கேளுங்கள்.

அக்கா இப்போது வீட்டிலிருந்தபடி பலகாரம் செய்து விற்கிறார். சின்னவன் பள்ளிக்குப் போனதும் மீண்டும் வேலைக்குப் போகப் போவதாகச் சொல்கிறார். அதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன.