கண் பார்வையைக் காப்போம்: மூத்தோர் அறிய வேண்டியவை

வீட்டுச் சுவரில் நாள்காட்டி மாட்டியிருக்கிறீர்களா? நாளைக் காலையில் வழக்கமாக அணியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதற்கு நான்கைந்து அடி தள்ளி நில்லுங்கள். இடது கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, வலது கண்ணால் தேதியையும் கிழமையையும் படியுங்கள். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு படியுங்கள். இரண்டு கண்களுக்கும் ஒரே மாதிரி தெரிகிறதா?

பலர் இதை ஒரு முறைகூடச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு கண் மங்கினால் மறு கண் அதன் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். அதனால் குறை நமக்குத் தெரிவதில்லை. நல்ல கண்ணும் மங்கி, அஞ்சடியில் படி தெரியாமல் தடுக்கி விழுந்த பிறகுதான் மருத்துவரிடம் போகிறோம். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் அஞ்சடி ஒரே மட்டமாக இருப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முதிய வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் நடமாடுவது எளிதன்று.

சுகாதார அமைச்சு 2014-ஆம் ஆண்டில் நடத்திய இரண்டாவது தேசியக் கண் ஆய்வு, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பரிசோதித்தது. பார்வை இழந்திருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காரணம், சிகிச்சை செய்துகொள்ளாத கண்புரை. அடுத்தது நீரிழிவு நோயால் வந்த விழித்திரைப் பாதிப்பு. அதற்கு அடுத்தது குளுக்கோமா. இவற்றில் பெரும்பகுதி தவிர்த்திருக்கக் கூடியது. “வயசாயிடுச்சு, கண்ணு அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிட வேண்டியதில்லை.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு

நம் சமூகத்தினர் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம்.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால், விழித்திரையில் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. அவற்றிலிருந்து நீரும் இரத்தமும் கசியும். தொடக்கத்தில் வலி இருக்காது, பார்வையும் மங்காது. “எனக்கு நன்றாகத் தெரிகிறதே, எதற்குப் பரிசோதனை?” என்று பலர் கேட்பது இதனால்தான். பார்வை மங்கும் நேரத்தில் நோய் முற்றியிருக்கும். லேசர் சிகிச்சையும் கண்ணில் போடும் ஊசியும் மேற்கொண்டு கெடாமல் காக்க உதவும். இழந்த பார்வையை முழுவதும் திருப்பித் தருவது கடினம்.

ஆகவே நீரிழிவு என்று தெரிந்தவுடனேயே விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது மருத்துவர் சொல்லும் இடைவெளியில், மீண்டும் எடுக்க வேண்டும். பல அரசாங்கக் கிளினிக்குகளில் இதற்கான கருவி இருக்கிறது. உங்கள் நீரிழிவுப் புத்தகத்தைத் திறந்து, கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் அடுத்த முறை செல்லும்போது தாதியிடம் கேளுங்கள். இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் கண்ணுக்கு நல்லது.

சாப்பாட்டில் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. நாசி கண்டார் சாப்பிடும் நாளில் சோற்றைப் பாதியாகக் குறைத்து, வெண்டைக்காயும் மீனும் கேளுங்கள். கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்குக்குப் பதிலாக ‘தே ஓ கோசோங்’ குடித்துப் பழகுங்கள். முதல் இரண்டு வாரம் சப்பென்றுதான் இருக்கும்.

புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டாம்

புரை நன்றாக முற்றிய பிறகே எடுக்க வேண்டும் என்பது பழைய காலத்துப் பேச்சு. இன்று, படிக்கவோ சமைக்கவோ சாலையைக் கடக்கவோ சிரமமாக இருந்தாலே அறுவை சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசலாம். அளவுக்கு மீறி முற்றிய புரையை எடுப்பதுதான் கடினம். மங்கிய லென்ஸை நீக்கிச் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். பெரும்பாலோருக்குக் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். அன்றே வீடு திரும்பலாம். சொட்டு மருந்தால் புரையைக் கரைக்க முடியாது.

குளுக்கோமா இதைவிட ஓசையின்றி வரும். பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் குறையும். உங்கள் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இது இருந்திருந்தால், கண் பரிசோதனையின்போது அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சொட்டு மருந்து கொடுத்திருந்தால், நன்றாகத் தெரிகிறது என்று நிறுத்திவிடக் கூடாது. கையைக் கழுவி, கீழ் இமையை மெல்ல இழுத்து, ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டு வகை மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள்.

கண்ணில் எதையும் ஊற்றாதீர்கள்

நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால் ஆகியவை அன்போடு சொல்லப்பட்ட கைவைத்தியங்கள்தாம். ஆனால் அவை கிருமியற்றவை அல்ல. கருவிழியில் புண் வந்து ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரின் சொட்டு மருந்தையும் இரவல் வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தை மருத்துவர் சொல்லாமல் நீண்ட நாள் விட்டால் கண்ணழுத்தம் ஏறும், புரையும் வரும்.

பாசார் மாலாமில் வாங்கும் படிக்கும் கண்ணாடி நாளிதழ் படிக்க உதவலாம். அது கண் பரிசோதனைக்கு ஈடாகாது.

நம் ஊர் வெயிலுக்குத் தொப்பியோ குடையோ, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியோ வேண்டும். மீன்பிடித் தொழிலிலும் கட்டுமானத்திலும் இருந்தவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வதில் வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. சிகரெட்டை விடுங்கள், அது புரையையும் விழித்திரைத் தேய்வையும் விரைவுபடுத்துகிறது. முருங்கைக்கீரையும் பசலையும் கெம்போங் மீனும் உணவில் அடிக்கடி இருக்கட்டும். கைப்பேசியை நெடுநேரம் பார்த்தால் கண் சிமிட்ட மறந்துவிடுகிறோம், கண் உலர்ந்து எரிகிறது. அவ்வப்போது நிமிர்ந்து தூரத்தில் பாருங்கள்.

அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

திடீரெனப் பார்வை போதல், மின்னல் போன்ற ஒளியும் புதிதாகப் பல கரும்புள்ளிகளும் தெரிதல், திரை விழுந்தாற்போல் ஒரு பக்கம் மறைதல், கண் சிவந்து கடும் வலியோடு வாந்தி வருதல், நேரான சன்னல் கம்பி வளைந்து தெரிதல். இவற்றில் ஒன்று வந்தாலும் காலைவரை காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மற்றபடி, முதலில் உங்கள் வட்டாரத்து அரசாங்கக் கிளினிக்குக்கு மைகார்டுடன் போங்கள். தேவைப்பட்டால் பினாங்கு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அங்கிருந்து கடிதம் தருவார்கள். பார்வை ஏற்கெனவே மிகவும் குறைந்துவிட்டவர்கள், பாகான் ஜெர்மால் சாலையிலுள்ள செயின்ட் நிக்கலஸ் இல்லத்தை நாடலாம். 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பிறகு பினாங்குக்கு வந்த இந்த இல்லம், பார்வையற்றோர் தாமாக நடமாடவும் வேலைகளைச் செய்யவும் பயிற்சி தருகிறது.

பரிசோதனைக்கு வரும்போது உங்கள் கண்ணாடி, மருந்துகள், நீரிழிவுப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். கண்மணியை விரிக்க மருந்து விடுவதால் சில மணி நேரத்துக்குப் பார்வை மங்கலாகவும் வெளிச்சம் கூசவும் செய்யும். அன்று மோட்டார் சைக்கிளில் வராதீர்கள். மகனையோ மகளையோ பேரப்பிள்ளையையோ துணைக்கு அழைத்துவாருங்கள்.