குதிரையின் முதுகுவலியும் இயன்முறைப் பயிற்சியும்: மல்டிஃபைடஸ் தசையை முன்வைத்து

முதுகுவலியுற்ற குதிரைக்கு மருந்தும் ஓய்வும் அளித்து, வலி நீங்கியதும் மீண்டும் சேணம் பூட்டுவது பரவலான வழக்கம். வலி நீங்குவதும் முதுகைத் தாங்கும் தசை மீள்வதும் ஒன்றே என்னும் எண்ணம் இவ்வழக்கத்தின் அடியில் உள்ளது. அவ்வெண்ணம் பிழையானது என்பதையும், குதிரை இயன்முறை மருத்துவத்தில் பயிற்சி பெறும் இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

குதிரைக்குப் பதினெட்டு மார்பு முள்ளெலும்புகளும் பெரும்பாலும் ஆறு இடுப்பு முள்ளெலும்புகளும் உண்டு. இவ்வமைப்பை டச்சு விலங்கியலாளர் ஸ்லைப்பர் 1946இல் வில்லுக்கும் நாணுக்கும் ஒப்பிட்டார்: முதுகுத்தண்டு வில், வயிற்றுத் தசைகள் நாண். வில்லின் கணுக்களைத் தனித்தனியே அசையாமல் பிடித்து நிறுத்துவது மல்டிஃபைடஸ் என்னும் ஆழ்தசையாகும். சில முள்ளெலும்புகளை மட்டுமே கடந்து செல்லும் குறுகிய இழைகளால் ஆனது இது. உடலை நகர்த்துவதைவிட மூட்டுகளை நிலைநிறுத்துவதே இதன் முதன்மைப் பணி. பந்தயக் குதிரைகளில் முள்ளெலும்புச் சிதைவு மிகுந்த பக்கத்தில் இத்தசை சுருங்கியிருந்ததை 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

மனிதரிடம் இதற்கு இணையான சான்று முன்னரே கிடைத்திருந்தது. முதன்முறை இடுப்புவலி கண்டவர்களுக்கு வலி தணிந்த பின்னும் மல்டிஃபைடஸ் தானாக மீளவில்லை. குறித்த பயிற்சி செய்தவர்களிடமே அது மீண்டது என்று ஹைட்ஸ் குழுவினர் 1996இல் பதிவுசெய்தனர். ஆனால் மனிதரிடம் ‘வயிற்றை உள்ளிழுங்கள்’ எனக் கூறலாம். குதிரையிடம் கூற இயலாது.

இச்சிக்கலுக்கு ஸ்டப்ஸ், கிளேட்டன் ஆகியோர் பரிந்துரைத்த வழி மிக எளியது. நான்கு கால்களும் சீராக ஊன்றி நிற்கும் குதிரையின் வாயருகே கேரட் துண்டைக் காட்டி, அதன் தாடையை நெஞ்சுக்கும், முன்கால் முட்டிகளுக்கு இடையிலும், குளம்புக்கு மேலுள்ள மூட்டுகளுக்கு இடையிலும் படிப்படியாக இறக்குவர். பக்கவாட்டில் விலா, இடுப்பு, பின்னங்கால் என்று கொண்டு செல்வர். ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிற்கச் செய்வர். கயிற்றால் தலையை இழுத்து வளைத்தால் இப்பயன் கிட்டாது. அங்கு இயங்குவது இழுப்பவரின் கையே. உணவை நாடிக் குதிரை தானே வளையும்போதுதான் கழுத்தும் வயிறும் ஆழ்தசைகளும் ஒருங்கே சுருங்குகின்றன. குதிரை காலை நகர்த்தினாலோ முட்டியை மடக்கினாலோ எட்டும் தொலைவைக் குறைக்க வேண்டும். அவசரமாகக் கவ்விப் பறிக்கும் குதிரைக்குப் பொறுமையைப் பழக்குவதே முதற்பாடம்!

2011இல் வெளியான ஆய்வில், வேறு பயிற்சி ஏதுமற்ற எட்டுக் குதிரைகள் வாரத்தில் ஐந்து நாள், ஒவ்வொரு பயிற்சியையும் நாளொன்றுக்கு ஐந்து முறை என மூன்று மாதம் இவற்றைச் செய்தன. மீயொலியால் அளந்த ஆறு இடங்களிலும் தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு இருபுறமும் கூடியது. இட வல வேறுபாடு குறைந்தது. சேணமோ ஓட்டமோ இன்றி, நின்ற நிலையிலேயே இம்மாற்றம் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. ஓய்விலிருக்கும் குதிரைக்கும் பயிற்சி இயலும் என்பது இதனால் பெறப்படுகிறது.

எனினும் எண்ணிக்கை சிறிது. மேலும் அவ்வாய்வு அளந்தது தசையின் பருமனையே. வலி தணிந்ததா என்பதையன்று. பொருந்தாத சேணத்தால் எழுந்த வலியாயின் சேணத்தை மாற்றாமல் பயிற்சி மட்டும் அளிப்பது வீண். கழுத்து மூட்டு நோயுடைய குதிரைக்கு ஆழ்ந்த வளைவுகள் தீங்காகலாம். ஆதலால் கால்நடை மருத்துவரின் நோயறிதலுக்குப் பின்னரே இப்பயிற்சிகளைத் தொடங்குதல் வேண்டும்.