வீட்டிற்கும் ஊராட்சிக்கும் ஏற்ற ரவுட்டர்

சாலை, குடிநீர், மின்விளக்கு ஆகியவற்றைப் போலவே இணைய வசதியும் இந்நாளில் கிராம வாழ்விற்கு இன்றியமையாததாகிவிட்டது. பட்டா, சிட்டா நகல் பெறுவதும், 2018ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட உழவன் செயலியில் விளைபொருள் விலையைப் பார்ப்பதும், பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதும் இதன் வாயிலாகவே நடைபெறுகின்றன. ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. அதன் கீழ் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைப்பதெனத் திட்டம் வகுக்கப்பட்டது. தனியார் நிறுவனங்களும், உள்ளூர்க் கேபிள் நடத்துவோரும் பல சிற்றூர்களுக்கு இணைப்பு அளித்து வருகின்றனர்.

கம்பி வாசல்வரை வந்துவிட்டது. ஆயினும் வீட்டினுள் வேகம் இல்லை என்ற குறை பல இடங்களிலிருந்து எழுகின்றது. அக்குறையைப் போக்க விலையுயர்ந்த ரவுட்டர் ஒன்றை வாங்கிவிடலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். பணத்தைச் செலவிடுமுன் அறிய வேண்டிய சில விஷயங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நிகழ்ச்சி

சில மாதங்களுக்கு முன் ஓர் ஊராட்சி அலுவலகத்திற்குச் சென்றிருந்தேன். முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் சம்பந்தமாக ஒரு மூதாட்டி அங்கே அமர்ந்திருந்தார். அன்று அவர் வந்தது மூன்றாவது முறையாகும். இருமுறையும் “நெட் வரவில்லை” என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். ஆறு ஆண்டெனா கொண்ட புதிய ரவுட்டர் வாங்க வேண்டும் என்று தீர்மானம் எழுதப்படும் நிலையில் இருந்தது. பழைய ரவுட்டர் எங்கே என்று கேட்டேன். களவு போகாதிருக்கும் பொருட்டு அதை இரும்பு பீரோவினுள் வைத்துப் பூட்டியிருந்தார்கள்! வெளியே எடுத்து, சுவரில் ஆளுயரத்திற்கு மேல் ஒரு பலகையில் வைத்ததும் கணிப்பொறி வேலை செய்யத் தொடங்கியது. மூதாட்டியின் காரியமும் அன்றே முடிந்தது. புதிய ரவுட்டர் வாங்கியிருந்தால் அதுவும் அதே பீரோவிற்குள்தான் சென்றிருக்கும்.

ரவுட்டர் செய்வது யாது?

உழவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். நிறுவனம் அளிக்கும் இணைப்பு கிணறு போன்றது. ரவுட்டர் வாய்க்கால் மடை போன்றது. மடை, தன்னிடம் வரும் நீரைப் பாத்திதோறும் பகிர்ந்து விடுமேயன்றிக் கிணற்றின் ஊற்றைப் பெருக்காது. வினாடிக்கு 40 மெகாபிட் வேகத்திற்குச் சந்தா கட்டியவர் எவ்வளவு விலையுள்ள ரவுட்டரை வாங்கினாலும் இணையத்திலிருந்து 40 மெகாபிட்டுக்கு மேல் பெற இயலாது.

கண்ணாடி இழையில் செய்தி ஒளியாக வருகின்றது. அதனை மின் குறிகளாக மாற்றுவது ஓ.என்.டி. என்னும் பெட்டியாகும். பெரும்பாலான நிறுவனங்கள் ஓ.என்.டி.யும் ரவுட்டரும் ஒன்றாக அமைந்த பெட்டியையே வைத்துச் செல்கின்றன. அதை அகற்றிவிட்டுக் கடையில் வாங்கிய சாதாரண ரவுட்டரில் இழையைச் செருக முடியாது. புதிய ரவுட்டரை அப்பெட்டியுடன் கேபிள் மூலம் இணைத்துக் கொள்ள வேண்டும்.

அலைகளின் இயல்பு

கார்த்திகைத் தீபத்தன்று அண்ணாமலையின் உச்சியில், 2,668 அடி உயரத்தில் ஏற்றப்படும் தீபம் பல கல் தொலைவிற்குத் தெரிகின்றது. அதே தீபத்தை மலையடியில் ஒரு வீட்டினுள் கதவடைத்து அமர்ந்திருப்பவர் காண இயலாது. ரவுட்டரின் அலைகளும் ஒளியின் இனத்தைச் சேர்ந்தவையே. அவை சுவரை ஓரளவு ஊடுருவும்; ஆயினும் ஒவ்வொரு சுவரிலும் வலிமை குன்றும். மரக் கதவில் சிறிதளவும், செங்கற்சுவரில் அதைவிட அதிகமாகவும், கருங்கற்சுவரிலும் கம்பி கட்டிய கான்கிரீட்டிலும் மிக அதிகமாகவும் குறையும். இரும்புத் தகடும் தகரமும் அவற்றைத் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர்த் தொட்டியும் அலையை உறிஞ்சும்.

பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைகளைக் கையாள்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகத்தில் குறைந்தது. ஆனால் சுவர்களைத் தாண்டிச் செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை மிக வேகமானது. ஆனால் ஓரிரு சுவர்களிலேயே தளர்ந்துவிடும். நம் நாட்டில் முன்னதை 2005ஆம் ஆண்டிலும், பின்னதன் பெரும்பகுதியை 2018ஆம் ஆண்டிலும் உரிமம் இன்றிப் பயன்படுத்த அரசு அனுமதித்தது. எனினும் எவ்வளவு சக்தியுடன் ஒலிபரப்பலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஆகவே ஆண்டெனாக்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. எட்டு ஆண்டெனா இருந்தாலும் வரம்பை மீறிய சக்தி அதற்கு இராது.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

கைப்பேசியில் வேகத்தை அளக்கும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு மூன்று இடங்களில் அளந்து பார்க்க வேண்டும்.

முதலாவதாக, கணிப்பொறியைக் கேபிள் மூலம் ரவுட்டருடன் நேரே இணைத்து அளக்க வேண்டும். இங்கேயே வேகம் குறைவாயிருந்தால் குறை பெரும்பாலும் இணைப்பில் உள்ளது. நிறுவனத்திடம் முறையிட வேண்டுமேயன்றி ரவுட்டர் வாங்கிப் பயனில்லை.

இரண்டாவதாக, ரவுட்டரிலிருந்து நாலைந்து அடி தூரத்தில் நின்று கைப்பேசியில் அளக்க வேண்டும். கேபிளில் நல்ல வேகமும், இங்கே மிகக் குறைந்த வேகமும் இருப்பின் ரவுட்டரோ கைப்பேசியோ பழையதாக இருக்கக்கூடும். வேறொரு கைப்பேசியைக் கொண்டு சோதித்தால் எது என்பது விளங்கும்.

மூன்றாவதாக, கடைசி அறையில் அளக்க வேண்டும். அங்கே மட்டும் வேகம் இல்லையாயின் குறை இடத்தைப் பொறுத்தது. ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றி, ஐந்தாறு அடி உயரத்தில், பீரோ, கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி முதலியவற்றிற்கு அப்பால் வைத்து மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும். பலருக்கு இதுவே போதுமானதாகும். இதற்குக் காசு செலவில்லை.

ஒன்றை நினைவில் கொள்க. நிறுவனங்கள் வேகத்தை ‘பிட்’ கணக்கில் கூறுகின்றன. கணிப்பொறியோ கோப்பின் அளவை ‘பைட்’ கணக்கில் காட்டுகின்றது. எட்டு பிட் கொண்டது ஒரு பைட். எனவே 40 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு 5 மெகாபைட் இறங்கினால் அது முழு வேகமேயாகும்.

எவ்வகை வீட்டிற்கு எது?

இரண்டு மூன்று அறைகள் கொண்ட வீட்டிற்கு, நிறுவனம் அளிக்கும் பெட்டியே பெரும்பாலும் போதும். தெளிவான படக்காட்சி ஒன்றிற்கு வினாடிக்குச் சுமார் 5 மெகாபிட் தேவை. நால்வர் ஒரே சமயத்தில் பார்த்தாலும் 20 மெகாபிட்டே ஆகும்.

திருவண்ணாமலை நகரில் மாட வீதிகளை ஒட்டியுள்ள வீடுகள் நெருக்கமானவை. பக்கத்து வீடுகளின் அலைகளும் நம் வீட்டில் புகும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் எவ்வளவு வேகமாக நடக்க விரும்பினாலும் கூட்டத்தோடுதான் நகர முடியும், அதுபோன்றதே இந்நிலையும். இத்தகைய வீட்டினர் இரு அலைவரிசைகளும் உள்ள ரவுட்டரை வாங்கி, அருகிலுள்ள கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்துக்கொள்வது நலம்.

முன்கட்டு, பின்கட்டு, மாடி என்று அமைந்த பெரிய வீட்டிற்கு ஒரே ரவுட்டர் போதாது. சக்திவாய்ந்த ஒன்றைத் தேடுவதைக் காட்டிலும், கேபிள் இழுத்துப் பின்கட்டில் இரண்டாவது கருவியை வைப்பதே உறுதியான வழியாகும். கேபிளின் நீளம் 100 மீட்டருக்கு மேற்படலாகாது. கேபிள் இழுக்க இயலாதவர்கள் ‘மெஷ்’ எனப்படும் இணைக் கருவிகளை வாங்கலாம். ‘ரிப்பீட்டர்’ விலை மலிவானதே. ஆயினும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் வகையில் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

ஜவ்வாது மலையில் உள்ளவை போன்ற, இழை எட்டாத குக்கிராமங்களில் சிம் அட்டை பொருத்தும் ரவுட்டர் உதவும். அதைக் கைப்பேசிக் கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய ஜன்னலருகே வைக்க வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

பெட்டியின்மேல் அச்சிட்ட எண் உண்மை வேகமன்று. ‘ஏ.சி.1200’ என்பது ஓர் அலைவரிசையின் 300 மெகாபிட்டையும், மற்றதன் 867 மெகாபிட்டையும் கூட்டி, முழு எண்ணாக்கிச் சொல்வதாகும். எந்தக் கைப்பேசியும் ஒரே இணைப்பில் அக்கூட்டுத்தொகையைப் பெறாது.

மலிவான சில ரவுட்டர்களின் கேபிள் துளைகள் 100 மெகாபிட் வரை மட்டுமே ஏற்கும். அதற்கு மேற்பட்ட சந்தா உள்ளவர்கள் ‘கிகாபிட்’ துளை உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். வைஃபையின் ஆறாம் தலைமுறைக் கருவிகளுக்கு 2019ஆம் ஆண்டிலும், ஏழாம் தலைமுறைக்கு 2024ஆம் ஆண்டிலும் சான்றளிப்புத் தொடங்கியது. ஆறாம் தலைமுறை, பல கருவிகள் ஒருங்கே இயங்கும் இடத்திற்கு ஏற்றது. பள்ளிக்கும் ஊராட்சி அலுவலகத்திற்கும் இதனைப் பரிந்துரைக்கலாம். வீட்டிலுள்ள கைப்பேசிகள் பழையனவாயின் ஏழாம் தலைமுறைக்குச் செலவிடும் பணம் வீணே.

பாதுகாப்பும் பராமரிப்பும்

ரவுட்டருடன் வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். பூட்டு முறையில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்பதைத் தேர்ந்துகொள்க. ஊராட்சி அலுவலகக் கணிப்பொறியில் மக்களின் ஆதார் விவரமும் வங்கிக் கணக்கு விவரமும் இருப்பதால் இதில் அசட்டை கூடாது. வருவோர் போவோருக்கு விருந்தினர் இணைப்பு எனத் தனியே ஒன்றை ஏற்படுத்தலாம்.

மின்தடை நேரத்தில் ரவுட்டர் இயங்குவதற்குச் சிறிய யு.பி.எஸ். கிடைக்கின்றது. பல ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குபவை. எனினும் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்தே வாங்க வேண்டும். இடி மின்னலின்போது அடாப்டரைக் கழற்றிவிடுவது நன்று. வீட்டிலிருந்து மோட்டார் கொட்டகை வரை வெளியில் இழுக்கப்பட்ட செம்புக் கம்பி மின்னலில் இரு முனைக் கருவிகளையும் கெடுக்கக்கூடும். அத்தகைய இடத்திற்கு உலோகம் கலவாத கண்ணாடி இழையே தக்கது. இழையைக் கூர்மையாக மடிக்கலாகாது. ஒளி கசிந்து வேகம் தடைப்படும். இழை ஒடியவும் கூடும்.

முடிவுரை

ஊராட்சி உறுப்பினர்கள் ரவுட்டர் வாங்கும் தீர்மானத்தை நிறைவேற்றுமுன், மேற்கூறிய மூன்று சோதனைகளையும் செய்து அளவுகளை ஒரு தாளில் குறித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்தாள் இருந்தால், குறை இணைப்பிலா, கருவியிலா, இடத்திலா என்பது விளங்கிவிடும். நிறுவனத்திடம் முறையிடும்போது ஆதாரமாகவும் நிற்கும். உழவர் பெருமக்களும் தத்தம் வீட்டில் இவ்வாறே செய்து பார்ப்பார்களாக. முதலில் அளத்தல், பின்பு இடம் மாற்றுதல், இறுதியில் வாங்குதல் என்ற வரிசை தவறாதிருப்பின் பொதுப்பணமும் வீட்டுப் பணமும் மிஞ்சும். ஒரு விண்ணப்பத்திற்காக மூன்று முறை நடக்கும் நிலை எந்த மூதாட்டிக்கும் நேராது.