சிவப்பு விளக்கு எரிந்த பிறகு

சிங்கப்பூரில் ஈசூன் இண்டஸ்ட்ரியல் பார்க் ஏ பக்கம் தமிழர்கள் வருவது பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காக. ஒன்று, புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள் ஒரு மரத்தடியில் கும்பிட ஆரம்பித்த முருகன், பிற்பாடு இங்கே குடிவந்தார். பங்குனி உத்திரத்தன்று காவடிக் கூட்டத்தில் நடக்க இடமிருக்காது. இன்னொன்று, கார் ரிப்பேர். முருகனிடம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பட்டறைக்குப் பலர் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

தாமதத்துக்குப் பெரிய காரணம் இன்ஜின் ஆயில். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கோலாலம்பூர் போய்வருவது இங்கே சர்வசாதாரணம். ஒரு வழிக்கே ஏறக்குறைய 350 கிலோமீட்டர். 1989ல் அரை டேங்க் பெட்ரோல் இருந்தால்தான் எல்லை தாண்டலாம் என்று சட்டம் வந்தது, 1991ல் அது முக்கால் டேங்க் ஆனது. அதனால் பெட்ரோல் முள்ளைப் பார்க்காமல் கடற்பாலம் ஏறுபவர் கிடையாது. ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவரைத்தான் தேட வேண்டும். இத்தனைக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குறைவது சகஜம்தான் என்று சில ஐரோப்பிய கார்களின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது.

பிறகு நடப்பது தெரிந்த கதை. வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைகிறது. அடுத்த பிரேக்கில் மறுபடியும். வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஆயில் வாங்கி ஊற்றியதும் விளக்கு அணைந்துவிடுகிறது. ஆனால் பானெட்டுக்குள்ளிருந்து முன்பு இல்லாத ஒரு டக் டக்.

அந்த விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. பெரும்பாலான கார்களில் அழுத்தம் அரை பாருக்கும் கீழே இறங்கினால்தான் அது எரியும். டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே பல கார்களில் சுமார் ஒரு லிட்டர். அது முழுக்கத் தீர்ந்தும் விளக்கு சும்மா இருக்கலாம். வளைவிலும் பிரேக்கிலும் முதலில் மினுக்குவது ஏனென்றால், அடியில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. அதாவது விளக்கு எரிந்த அந்த வினாடியில் பேரிங்குகள் பட்டினி.

அந்தப் பட்டினி என்ன செய்யும் என்பதைப் புரிந்துகொள்ள 1883க்குப் போகலாம். பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். ஓடவிட்டதும் ஆயில் உள்ளே போவதற்குப் பதிலாகத் துளை வழியே வெளியே பொங்கியது. கார்க்கை வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதையும் தள்ளிவிட்டது. சுழலும் தண்டு ஆயிலைத் தனக்கும் பேரிங்குக்கும் நடுவில் இழுத்துக்கொண்டு, அந்தப் படலத்திலேயே மிதக்கிறது என்பது அப்போதுதான் வெளிச்சமானது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886ல் அதற்குக் கணக்கு எழுதினார். இன்றைய காரின் கிராங்க் ஷாஃப்டும் அப்படித்தான் மிதக்கிறது. படலம் அறுந்தால் இரும்பு, பேரிங்கின் மெல்லிய உலோகப் பூச்சில் நேரடியாக உரசும். சில வினாடிகள் போதும்.

இனி சத்தத்துக்கு வருவோம். எல்லா டக் டக்கும் ஒன்றல்ல. மேலே, வால்வு மூடியின் பக்கம் தையல் மிஷின் போலக் கேட்டால் அது பெரும்பாலும் வால்வைத் தள்ளும் டேப்பெட். அதை இயக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்க் சுற்றும் வேகத்தில் பாதிதான் சுற்றும். நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலில் நிற்கும் இன்ஜினில் ஒரு டேப்பெட் வினாடிக்கு ஆறேழு தடவை தட்டும். காதாலேயே எண்ணிவிடலாம். ஹைட்ராலிக் டேப்பெட்டுக்குள் காற்று புகுந்திருந்தால், ஆயில் சரியான அளவுக்கு வந்து கொஞ்ச நேரம் ஓடியதும் தானாக அடங்கிவிடும். டைமிங் செயினின் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில் நிற்பதுதான். ஸ்டார்ட் செய்தவுடன் முன்பக்கத்தில் ஒரு கரகரப்பு வந்து மறைந்தால் அங்கே சந்தேகப்பட வேண்டும்.

பயப்பட வேண்டியது கீழேயிருந்து வரும் கனமான சத்தம். கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்தால் இன்ஜின் சூடேறச் சூடேற, ஆயில் இளகுவதால், சத்தம் கூடும். 2,000 சுற்றுக்கு மேல் கொண்டுபோய் ஆக்ஸிலரேட்டரை லேசாக விட்டுப் பிடித்தால் தெளிவாகக் கேட்கும். பழைய மெக்கானிக்குகள் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் பிளாக்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார்கள். எந்த சிலிண்டர் என்று தெரிய, ஒவ்வொரு இன்ஜெக்டரின் இணைப்பாகக் கழற்றிப் பார்ப்பார்கள். எதைக் கழற்றும்போது சத்தம் சட்டென்று குறைகிறதோ, அந்த ராடுதான். எக்ஸாஸ்ட் கசிவும் டேப்பெட் மாதிரியே தட்டும். நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்கள் நல்ல நிலையிலும் டிக் டிக்கென்றுதான் ஓடும். அவசரப்பட்டு இன்ஜினை இறக்கச் சொல்லாதீர்கள்.

காதுக்கு அடுத்தது கேஜ். அழுத்த சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் முள் வைத்த கேஜைப் பொருத்தி, சூடான இன்ஜினில் பார்க்க வேண்டும். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பட்டறைக் கணக்கு. சரியான அளவு கார் கையேட்டில் இருக்கும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட நம்பிக்கையான சாட்சி ஆயில் ஃபில்டர். கழற்றிய ஃபில்டரைக் குப்பையில் போடாமல் வெட்டித் திறந்து, மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பொடிப் பொடியாக மினுங்குவது தெரியும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, செயினோ கேமோ தேய்கிறது. ஒட்டாமல் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுங்கினால் பேரிங். இந்த வேலைக்குக் கால்மணி நேரம் ஆகாது. ஆனாலும் கேட்டால்தான் செய்கிறார்கள். அதை விட்டுவிட்டு, கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கும் வித்தை பழைய கார் விற்கிறவர்களுக்குக் கைவந்த கலை. 0டபிள்யூ-20 போட வேண்டிய இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் டக் டக் மட்டுப்படும், தேய்மானம் மட்டுப்படாது.

பேரிங் போய்விட்டது என்று உறுதியானால், சிங்கப்பூர்ப் பட்டறையில் அடுத்த கேள்வி, "அண்ணே, சிஓஇ இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?" வேறு ஊரில் இன்ஜினின் ஆயுளைப் பார்ப்பார்கள், இங்கே சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழின் ஆயுளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1990ல் தொடங்கிய இந்த முறையில் பத்து வருடத்துக்குத்தான் உரிமை. எட்டு வருடம் பாக்கியிருக்கும் காருக்கு கிராங்கை அளந்து, கீறல் விழுந்திருந்தால் கடைந்து, புது பேரிங் போடுவது நியாயம். ஒன்றரை வருடமே இருந்தால் அந்தப் பணத்தைப் போடுவதா, வண்டியை முன்கூட்டியே ஒப்படைத்துவிட்டு மிச்ச சிஓஇக்கான பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதா என்று உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். பழைய காரைப் பாதியாக வெட்டி ஜப்பானிலிருந்து கொண்டுவரும் 'ஹாஃப் கட்' இன்ஜினைப் போட்டுவிடலாம் என்பது மூன்றாவது யோசனை. அதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். அந்த இன்ஜினையும் வாங்குவதற்கு முன் வால்வு மூடியைத் திறந்து, உள்ளே கறுத்த படிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. முந்தைய சொந்தக்காரரும் டிப்ஸ்டிக்கைத் தொடாதவராக இருந்திருக்கலாம்.